பயணத்துக்குப் பிறகு சாட்கன் ஸ்கோப்பின் குறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து கிரிக், ஜெலி, குவா மூசாங் பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தொகுத்திருக்கிறோம். "வீட்டுல சரியா இருந்துச்சு, அங்க போனதும் தப்புது" என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. பதில்கள் எல்லாம் லெசென்ஸ் உள்ள 12 போர் சாட்கனையும், அதன்மேல் பூட்டிய ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) அல்லது குறைந்த பெருக்கமுள்ள ஸ்கோப்பையும் வைத்துச் சொன்னவை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். குறி மாறியது தெரிந்தவுடன் ஸ்கோப்பின் மூடியைக் கழற்றி, குறியை நகர்த்தும் திருகியைக் கிளிக் கிளிக்காகத் திருப்ப ஆரம்பிக்காதீர்கள். அது கடைசி வேலை. பெரும்பாலான நேரம் ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் மவுண்டோ, குழலின் பூட்டோ, மாற்றி வாங்கிய தோட்டாவோதான் காரணமாக இருக்கும்.

ஜீரோ, ஜீரோன்னு சொல்றாங்களே, அது என்னாண்ணே?

குறிப்பிட்ட ஒரு தூரத்தில், கண்ணாடியில் தெரியும் புள்ளியும் குண்டு விழும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் ஜீரோ. ஸ்கோப் குழலுக்கு மேலே 4, 5 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கோப்பின் பார்வைக்கோடு நேராகப் போகும், குண்டோ வளைந்து போகும். நாம் தேர்ந்தெடுத்த தூரத்தில் இரண்டும் சந்திக்கும்படி திருகிகளால் சரிசெய்கிறோம். வழுவழுப்பான குழலில் ஒற்றைக் குண்டான ஸ்லக் போடுகிறவர்களுக்கு 50 மீட்டர் ஜீரோ பொருத்தமானது. நம் காடுகளிலும் செம்பனை வரிசைகளுக்கு இடையிலும் அதற்கு மேல் தெளிவாகப் பார்க்கும் வாய்ப்பே குறைவு.

கடையில லேசர் வெச்சு செட் பண்ணிக் கொடுத்துட்டாங்க. அது போதாதா?

போதாது. லேசர் காட்டுவது குழல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை மட்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைத்து மேலே எழும்பும். குண்டு குழலை விட்டு வெளியேறுவது அந்த அசைவுக்கு நடுவில். ஆகவே லேசர் காட்டிய இடத்திலிருந்து குண்டு ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் வியப்பில்லை. சுட ஆரம்பிக்கும்போது முதல் குண்டு அட்டைக்குள் விழுவதற்குத்தான் லேசர் உதவும்.

அதற்கு வேறொரு நல்ல பயன் உண்டு. சுட்டு ஜீரோ செய்து முடித்த அன்றே லேசரைப் போட்டு, 10 மீட்டரில் வைத்த கட்டம் போட்ட தாளில் ஸ்கோப்பின் மையத்திலிருந்து லேசர் புள்ளி எங்கே விழுகிறது என்று குறித்து வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதே லேசரை அதே தூரத்தில் போட்டுப் பார்த்தால், ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்பது ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

சும்மா கார்ல வெச்சுக் கொண்டு போனதுக்கே குறி மாறுமா?

மாறும். நெடுஞ்சாலையில் அவ்வளவு ஆபத்தில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி தடதடவென்று ஒரு மணி நேரம் ஓடும்போது, சரியாக இறுக்காத சிறு திருகிகள் மயிரிழை மயிரிழையாகத் தளரும். பெட்டிக்கு மேலே ஐஸ் பெட்டியையோ அரிசி மூட்டையையோ ஏற்றினால் அந்தப் பாரம் ஸ்கோப்பின் முதுகில் இறங்கும்.

இதில் எவ்வளவு சின்ன நகர்வு போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மவுண்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 13 சென்டிமீட்டர். பின்கால் மட்டும் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு, தூக்கிக்கொண்டது என்று வையுங்கள். 50 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் மேலே போகும். அரை மில்லிமீட்டர் தூக்கினால் 19 சென்டிமீட்டர். கண்ணால் பார்த்தால் எதுவுமே நகர்ந்ததாகத் தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். திறந்து, அறையையும் மேகசின் குழாயையும் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். தோட்டாக்களை வேறு இடத்துக்கு எடுத்துப் போய் வைத்துவிடுங்கள். உடன் வந்தவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இதை முடிக்காமல் மற்ற எதையும் தொடவேண்டாம்.

பிறகு கீழிருந்து மேலாக வாருங்கள். குழலைப் பிடித்திருக்கும் மூடி இறுகியிருக்கிறதா? மவுண்ட் உட்காரும் உலோகப் பட்டையான ரெயிலைத் துப்பாக்கி உடலோடு பிணைக்கும் திருகிகள்? ரெயிலைக் கவ்வும் மவுண்டின் குறுக்கு நட்டு? கடைசியாக ஸ்கோப்பைச் சுற்றிய ரிங்குகளின் திருகிகள். ஒவ்வொரு திருகியின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை வீட்டிலேயே நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்திருந்தால், இந்தச் சோதனை ஒரு நிமிஷ வேலை. கோடு உடைந்திருந்தால் அந்தத் திருகி அசைந்திருக்கிறது. ஸ்கோப்பின் குழாயிலும் ரிங் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் ஸ்கோப் ரிங்குக்குள் வழுக்கியிருக்கிறது.

எல்லாம் சரியென்றால் ஒரு கையால் துப்பாக்கியையும் மறு கையால் ஸ்கோப்பையும் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். 'டிக்' என்று சின்னச் சத்தம் வந்தாலும் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது.

ஸ்குருவை எவ்வளவு இறுக்கணும்? கைக்கு இறுகுற வரைக்கும் போதுமா?

ஆளுக்கு ஆள் கை வேறு. அதனால்தான் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும் என்கிறோம். ரிங்கின் மேல்மூடித் திருகிகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். ரெயிலைத் துப்பாக்கி உடலோடு பிணைக்கும் சிறு திருகிகளுக்கு 20 முதல் 25 இஞ்ச்-பவுண்ட். ரெயிலைக் கவ்வும் குறுக்கு நட்டுக்கு மட்டும் பொது அளவு கிடையாது. அலுமினிய மவுண்டுக்கும் எஃகு மவுண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும் என்பதால் மவுண்ட் பெட்டியில் வந்த தாளில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். மற்ற திருகிகளுக்கும் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

மோட்டார் பட்டறையில் இருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு உதவாது. சக்கர நட்டுக்குச் செய்ததால் அதன் தொடக்கமே இதைவிடப் பல மடங்கு. சைக்கிள் கடையில் கிடைக்கும் 4, 5 நியூட்டன் மீட்டர் சாவியும் ரிங்குக்கு அதிகம். இஞ்ச்-பவுண்டில் அளவு போட்ட சின்ன ஸ்குரு டிரைவர் வகைதான் சரியானது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். உள்ளே குறியைத் தாங்கும் குழாய் தடையில்லாமல் அசைய முடியாமல் போகும். பிறகு கிளிக் திருப்பினால் சில நேரம் குறி நகரும், சில நேரம் நகராது.

நான்கு திருகிகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரிங்கின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கவேண்டும்.

லாக்டைட் போட்டுட்டா பிரச்சனை முடிஞ்சுதா?

லாக்டைட் என்பது திருகி தளராமல் பிடிக்கும் பசை. ரெயிலைப் பிணைக்கும் திருகிகளுக்கு நீல நிற வகையை ஒரு சின்னத் துளி போடலாம். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்றவே முடியாது. போடுவதற்கு முன் திருகியையும் துளையையும் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய் இருந்தால் லாக்டைட் பிடிக்காது. இறுக்கிய பிறகு 24 மணி நேரம் விட்டால்தான் முழுப் பிடிப்பு வரும். ஆகவே கிளம்பும் நாள் காலையில் செய்கிற வேலை இல்லை இது.

ரிங் திருகிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதைப் போட வேண்டாம் என்கிறார்கள். ஈரமான புரி வழுக்கிக்கொண்டு போவதால் அதே எண்ணுக்கு இறுக்கினாலும் உண்மையில் கூடுதலாக இறுகிவிடும். அங்கே சுத்தமான, காய்ந்த திருகியும் சரியான அளவும் போதும்.

பெட்டியில அடங்கலைன்னு குழலைக் கழற்றி வெச்சேன். திரும்ப மாட்டினா அதே எடத்துக்கு வந்துடுமா?

பயணத்தில் குறி மாறுவதற்கு எங்களிடம் வரும் காரணங்களில் இதுதான் முன்னால் நிற்கிறது. பம்ப், ஆட்டோ வகைகளில் குழல் துப்பாக்கி உடலுக்குள் செருகி, முன்னால் மேகசின் குழாயின் மூடியால் பிடிபட்டிருக்கிறது. செருகும் இடத்தில் கொஞ்சம் தளர்வு இருக்கும். ரவை தெளிக்கிற துப்பாக்கிக்கு அது பொருட்டே இல்லை. ஒற்றைக் குண்டுக்கு அது பெரிய விஷயம். ஸ்கோப் துப்பாக்கி உடலில் பூட்டியிருந்தால், ஒவ்வொரு முறை குழலைக் கழற்றி மாட்டும்போதும் குழல் ஒரு பக்கம், ஸ்கோப் ஒரு பக்கம் பார்க்க வாய்ப்பு உண்டு.

கழற்றாமலே போகக்கூடிய நீளப் பெட்டி வாங்குவதுதான் நல்ல வழி. கழற்றியே ஆகவேண்டும் என்றால் குழல் உட்காரும் இடத்தைத் துடைத்து, மணலோ பழைய கிரீஸோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது குழலை முழுவதும் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டே மூடியை இறுக்குங்கள். மூடியிலும் குழாயிலும் நேர்க்கோடாக ஒரு அடையாளம் போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு சேரும் வரை திருகுங்கள். அதற்குப் பிறகும் சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

குழலோடு சேர்ந்தே பின்னோக்கி நீளும் தாங்கி ரெயில் உள்ள குழல்களும் உண்டு. ஸ்கோப்பும் குழலும் ஒரே உறுப்பாக இருப்பதால், கழற்றி மாட்டினாலும் இரண்டும் ஒன்றை ஒன்று விட்டு நகராது. அடிக்கடி கழற்ற வேண்டியவர்களுக்கு அந்த வகைதான் ஏற்றது.

அப்ப ஸ்கோப்பைக் கழற்றித் தனியா எடுத்துட்டுப் போலாமா?

நல்ல நெம்புகோல் மவுண்ட் (சாவியில்லாமல் நெம்புகோலால் பூட்டித் திறக்கும் வகை) இருந்தால் போகலாம். ரெயிலில் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே பள்ளத்தில்தான் திரும்பவும் உட்காரவேண்டும். எண் போட்ட ரெயில் என்றால் எண்ணைக் குறித்துவையுங்கள். இல்லையென்றால் வெள்ளைப் புள்ளி வையுங்கள்.

வைத்ததும் மவுண்டைக் குழல் முனைப் பக்கமாகத் தள்ளி, அதன் குறுக்குக் கட்டை பள்ளத்தின் முன்சுவரில் முட்டும்படி பிடித்துக்கொண்டு பூட்டுங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. எனவே துப்பாக்கியை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னால் நகரத் துடிக்கிறது. முன்சுவரில் ஏற்கெனவே முட்டியிருந்தால் நகர இடம் இருக்காது. இப்படிச் செய்யாதவர்களுக்குத்தான் முதல் இரண்டு குண்டு ஓரிடத்திலும் அடுத்தவை வேறிடத்திலும் விழும்.

எப்படிப்பட்ட பெட்டி நல்லது? ஹைலக்ஸ்ல எங்க வைக்கிறது?

கடினமான ஓடும், துப்பாக்கியின் வடிவத்துக்கு வெட்டிய நுரைப் பஞ்சும் உள்ள பெட்டி. பஞ்சு கட்டையையும் குழலையும் தாங்கவேண்டும். ஸ்கோப்பைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு வெட்டுங்கள். மூடியை அழுத்தி மூடவேண்டியிருந்தால் அந்த அழுத்தம் ஸ்கோப்பின் மேல்தான் விழுகிறது.

பின்தொட்டியில் போடாமல், உள்ளே பின்னிருக்கைப் பக்கம் படுக்கவைத்து பெல்ட்டால் கட்டுங்கள். அதன்மேல் எதையும் ஏற்றாதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அனல் ஏறும். ரெட் டாட்டின் மின்கலம் சீக்கிரம் கெடும். மழையில் நனைந்த துப்பாக்கியைப் பஞ்சுக்குள் மூடி வைத்து ஊர் திரும்பினால் குழலில் துரு பூத்திருக்கும். துடைத்துக் காற்றாடவிட்டு, பெட்டியின் பஞ்சும் காய்ந்த பிறகு மூடுங்கள்.

கோத்தா பாருவுக்கோ சபாவுக்கோ விமானத்துல போனா காத்தழுத்தத்துல ஸ்கோப் கெட்டுப் போகுமா?

கெடாது. பயணிகள் விமானத்தின் சாமான் அறையிலும் பயணிகள் பகுதியில் இருக்கும் அழுத்தமே இருக்கும். ஆபத்து சாமான் ஏற்றி இறக்கும்போது பெட்டி விழுவதில்தான். முந்தைய பதிலில் சொன்ன இடைவெளி இங்கே இன்னும் முக்கியம்.

விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கவேண்டும். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், அறிவித்த சாமானாகப் போகும். தோட்டாக்களுக்கு அனைத்துலக விதிப்படி ஓர் ஆளுக்கு மொத்த எடை 5 கிலோதான் உச்சவரம்பு. சில நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை என்பதால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அங்கே புதிதாகத் தோட்டா வாங்குகிறவர்கள் கீழே தோட்டா மாற்றுவது பற்றிய பதிலைக் கட்டாயம் படியுங்கள்.

லெசென்ஸ் விஷயம் எப்படி? என் துப்பாக்கிதானே, எங்க வேணும்னாலும் கொண்டு போலாமா?

துப்பாக்கி லெசென்ஸ் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ், உங்கள் பெயருக்கு, நிபந்தனைகளோடு கொடுத்தது. மாநிலம் தாண்டுவதற்கு முன்னும், ஸ்கோப் புதிதாகப் பூட்டுவதற்கு முன்னும், உங்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் லெசென்ஸ் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கியை டிரைவரிடமோ தம்பியிடமோ விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். லெசென்ஸ் இல்லாதவர் கையில் அது இருப்பது, 1971ஆம் ஆண்டு தண்டனை உயர்வுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் வரக்கூடிய குற்றம்.

வேட்டைக்குத் தனி லெசென்ஸ். தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தருவது. காட்டுப்பன்றிக்கும் அது வேண்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் வனவிலங்குச் சட்டம் தனித்தனி. இங்கே வாங்கியது அங்கே செல்லாது.

சரி, அங்க போய் எத்தனை தோட்டா சுட்டுப் பார்க்கணும்? ஸ்லக் விலை உங்களுக்கே தெரியும்.

மூன்று. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிஷம் குழல் ஆறவிட்டு, மணல் பையில் துப்பாக்கியின் முன்கட்டையை வைத்து 50 மீட்டரில் சுடுங்கள். குழலையே பையில் வைத்துச் சுட்டால் குண்டு மேலே போகும்.

மூன்று துளைகளின் நடுப்புள்ளிதான் கணக்கு. வழுவழுப்பான குழலில் ஸ்லக் 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் அது நல்ல துப்பாக்கி. அப்படிப்பட்ட துப்பாக்கியில் நடுப்புள்ளி 3 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று கிளிக் திருப்புவது வீண். அடுத்த மூன்று குண்டு சுட்டால் அது தானாகவே வேறு பக்கம் போயிருக்கும். உங்கள் துப்பாக்கியின் வழக்கமான வட்டத்தில் பாதிக்கு மேல் தள்ளியிருந்தால் மட்டும் தொடுங்கள். ஒரே ஒரு குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தோட்டத்து ஓரமா அட்டை கட்டி நாலு சுட்டுப் பார்த்தா என்ன?

வேண்டாம். அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும் செய்யுங்கள். ஸ்லக் தப்பினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும்; கடினமான தரையிலோ கல்லிலோ பட்டால் திசைமாறித் தெறிக்கும். செம்பனை வரிசைக்குள் குலை வெட்டுகிறவர்களும் உதிரி பொறுக்கும் அம்மாக்களும் எங்கே இருக்கிறார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. போகிற இடத்தில் சுடுதளம் இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் இங்கே சுட்டு உறுதிப்படுத்தி, முன்னால் சொன்ன லேசர் முறையில் அங்கே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பீட்டில் மாற்றம் தெரிந்தால் ஸ்லக் போடுவதை அந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

கிளிக் கணக்குதான் எனக்குக் குழப்பம். இடது பக்கம் ஒரு சாண் போகுது, எத்தனை கிளிக்?

சாண் கணக்கை விட்டு அளவுகோலை வையுங்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்; அது 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர், 50 மீட்டரில் 14.5, 25 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சொச்சம். ஸ்கோப்புகளில் பெரும்பாலும் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ.; 50 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர். ரெட் டாட்டுகளில் அரை அல்லது ஒரு எம்.ஓ.ஏ. வரும். குண்டு 12 சென்டிமீட்டர் இடது பக்கம் போனால், கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் 120ஐ 3.6 ஆல் வகுத்து 33 கிளிக் வலது பக்கம்; ஒரு எம்.ஓ.ஏ. ரெட் டாட்டில் 8 கிளிக்.

மூடிக்குள் இருக்கும் அம்புக்குறி குண்டு நகரவேண்டிய திசையைக் காட்டுகிறது. கீழே விழுந்தால் 'மேல்' பக்கம் திருப்புங்கள். திருப்புவதற்கு முன் திருகியின் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். சில பழைய ஸ்கோப்புகள் திருப்பிய உடனே முழுதும் நகராமல், ஒரு குண்டு சுட்ட அதிர்ச்சிக்குப் பிறகுதான் உட்காரும். அப்படிப்பட்டதில் திருப்பியபின் முதல் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் எஸ்.ஜி.தான் போடுறேன். அது சிதறிப் போறதுதானே, எனக்கு இதெல்லாம் எதுக்கு?

எஸ்.ஜி. என்பது பெரிய ரவைகள் சில மட்டுமே அடங்கிய தோட்டா. சிதறல் நடுவிலிருந்து தள்ளிப் போனால் மிருகத்தின் மேல் ஒன்றிரண்டு மட்டும் பட்டு, அது காயத்தோடு ஓடும். ஆகவே உங்களுக்கும் தேவை. 1 மீட்டர் சதுரத் தாளை 25 மீட்டரில் வைத்து, ஒரே புள்ளியைப் பார்த்து இரண்டு மூன்று முறை சுடுங்கள். எல்லாத் துளைகளின் நடுவும் நீங்கள் பார்த்த புள்ளியும் ஒரு கையகலத்துக்குள் சேர்ந்தால் போதும். ஸ்லக்குக்கு ஜீரோ செய்த அதே இடத்தில் எஸ்.ஜி.யும் விழும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அங்க வேற பிராண்ட் ஸ்லக்தான் கிடைச்சுது. அதுவும் 12 போர்தானே?

போர் ஒன்றுதான், குண்டு வேறு. எடை, வேகம், குழலுக்குள் உரசும் விதம் எல்லாம் மாறுவதால் குண்டு வெளியேறும் நொடியில் துப்பாக்கி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதும் மாறும். இரண்டு பிராண்ட் ஸ்லக் 50 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் விலகி விழுவது உண்டு. ஸ்கோப்பின் மேல் பழி போடுவதற்கு முன் தோட்டாப் பெட்டியைப் பாருங்கள். பிராண்ட், குண்டின் எடை, தோட்டாவின் நீளம் மூன்றும் ஜீரோ செய்தபோது இருந்தவைதானா? புரி போட்ட, அதாவது உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய, குழலுக்கென்று செய்த உறை ஸ்லக்கை (பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிய குண்டு) வழுவழுப்பான குழலில் போட்டால் அது சுழலாமல் உருண்டு போகும்; எந்த ஜீரோவும் நிற்காது.

கேமரன் வழியா ஏறி இறங்கினோம். பெட்டியைத் திறந்ததும் கண்ணாடி முழுக்க மூடிக்கிச்சு. கெட்டுப் போச்சா?

வெளிப்பக்கம் என்றால் ஒன்றும் ஆகவில்லை. மலைக்குளிரிலோ ஏர்கான் காரிலோ குளிர்ந்த கண்ணாடியின் மேல், அடிவாரத்து ஈரக்காற்று படிந்து நீராகிறது. இறங்கியதும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். திறந்துவிட்டீர்கள் என்றால் தானாக மறையும் வரை காத்திருங்கள். பனியன் நுனியால் துடைத்தால் ஒட்டியிருக்கும் மணல் துகள் கண்ணாடியின் பூச்சைக் கீறும். முதலில் ஊதும் பந்து, பிறகு மென்தூரிகை, அதற்குப் பிறகுதான் லென்ஸ் துணி.

துடைத்தும் போகாமல் உள்ளே மங்கலாக இருந்தால் ரப்பர் வளையத்தின் அடைப்பு போய்விட்டது. ஸ்கோப்புக்குள் நைட்ரஜன் போன்ற வறண்ட வாயு நிரப்பி அடைத்திருப்பார்கள். அது கசிந்து ஈரக்காற்று நுழைந்திருக்கிறது. வீட்டில் திறக்கவேண்டாம், தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.

உள்ளுக்குள்ள நூல் நூலா ஏதோ தெரியுது.

பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்த கண்ணாடியில் வரும். படர்ந்தபின் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். கேமரா கடையில் விற்கும் உலர்பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருந்தால் வராது. சிலிக்கா ஜெல் போடுகிறவர்கள் நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்திப் போடவேண்டும். போட்டுவிட்டு மறந்தால் அது வெறும் கல்.

ரெட் டாட் புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியுது. வழியில அடிபட்டிருக்குமோ?

கைப்பேசிக் கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். திரையில் புள்ளி உருண்டையாகத் தெரிந்தால் கருவி நன்றாக இருக்கிறது; உங்கள் கண்ணில்தான் சிதறல் பார்வை இருக்கிறது, கண் மருத்துவரைப் பாருங்கள். திரையிலும் சிதறினால் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். வெயிலில் வைத்த அளவிலேயே காட்டு நிழலுக்குள் போனால் புள்ளி வீங்கித்தான் தெரியும். புள்ளி மினுக்கினால் மின்கலம், பெரும்பாலும் சி.ஆர். 2032 வகை. அதன் தொடுமுனையைத் துடைத்து, புதியது போட்டுப் பாருங்கள். ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

மேசையில வெச்சுச் சுட்டா நடுவுல போகுது, நின்னு சுட்டா தள்ளிப் போகுது. ஸ்கோப்பா, நானா?

பெரும்பாலும் கன்னம் வைக்கும் இடம். மேசையில் உட்கார்ந்து நிதானமாகக் கன்னத்தைப் பதிக்கிறீர்கள். நின்றால் தலை மேலே போகிறது. சாட்கன் ஸ்கோப்புகளைப் பொதுவாக 50 முதல் 75 கஜத்தில் இடமாறு பிழை இல்லாதபடி அமைத்திருப்பார்கள். அதைவிடக் கிட்டத்தில் கண் மையத்தை விட்டு விலகினால் குறுக்குக்கம்பி இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரியும். துப்பாக்கியை அசையாமல் வைத்துத் தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் அந்தப் பிழையை நீங்களே காணலாம். கட்டையின் மேல் கன்னத்துண்டு ஏற்றி, தோளில் வைத்தவுடன் கண் மையத்துக்கு வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஐந்தாறு ஸ்லக் சுட்டபின் தள்ளிப் போக ஆரம்பித்தால் அது உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பது. அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு. திருகி இறுகியிருக்கு, அதே தோட்டா. இன்னும் சுட்ட தடவையெல்லாம் வேற வேற எடம். இப்பவாவது ஸ்கோப் போச்சுன்னு சொல்லலாமா?

இப்போது சந்தேகப்படலாம். துப்பாக்கியைக் காலியாக்கி அசையாமல் தாங்கியில் கட்டி, லேசரையும் கட்டம் போட்ட தாளையும் வையுங்கள். 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது. குறுக்குக்கம்பி சதுரம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பவேண்டும். திரும்பாவிட்டாலோ, கிளிக் திருப்பியும் நகராமல் பிறகு துள்ளினாலோ, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்கோப்பை மெதுவாகக் குலுக்கி ஏதாவது உருளும் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

சதுரம் சரியாக வந்தால், நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை அதே மவுண்டில் வைத்து மூன்று குண்டு சுடுங்கள். அதுவும் சிதறினால் குழலின் பூட்டையும், பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகியையும் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் உப்பிச் சுருங்கிய மரக்கட்டை அந்தத் திருகியைத் தளர்த்தியிருக்கும்.

காட்டுக்குள்ள வழுக்கி விழுந்து ஸ்கோப் கல்லுல மோதிடுச்சு. சுட்டுப் பார்க்க எடமில்ல. வேட்டையைத் தொடரலாமா?

அந்த ஸ்கோப்பை நம்பித் தொடரக்கூடாது. துப்பாக்கியைக் காலியாக்கி, முதலில் குழல் வாயில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழலில் சுட்டால் வெடித்துக் கிழியும். பிறகு நாலாவது கேள்வியில் சொன்ன சோதனை. ரெட் டாட் வைத்திருப்பவர்கள், புள்ளி குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் சிறு மணிக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை வீட்டில் பார்த்து வைத்திருந்தால் இப்போது ஒப்பிடலாம். விலகியிருந்தால் நகர்ந்தது உறுதி. விலகாமல் இருந்தாலும் அது ஸ்லக் போடும் அளவுக்கு உத்தரவாதம் ஆகாது.

நெம்புகோல் மவுண்ட் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மணியை வைத்து, எஸ்.ஜி. போட்டு, நீங்கள் முன்பே தாளில் சுட்டுப் பார்த்த தூரத்துக்குள் மட்டும் சுடலாம். அப்படிச் சுட்டுப் பார்த்ததே இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டு முகாமுக்குத் திரும்புங்கள். காயம்பட்ட பன்றி வலியோடு எங்கேயாவது படுத்துக் கிடக்கும். விடிந்ததும் பால் வெட்டும் கத்தியோடு அந்த வழியே வருகிறவர் மீது பாயும்.